வட்டார வர்த்தக ஒப்பந்தங்கள்: விளைச்சல் பொய்த்த ஆண்டுக்கு என்ன எழுதி வைத்திருக்கிறார்கள்?

மரக்கால் எழுதியது:

வட்டார வர்த்தக ஒப்பந்தம் என்றாலே இறக்குமதி வரி எவ்வளவு குறைகிறது, யாருக்கு லாபம், எந்த விவசாயிக்கு நட்டம் என்றுதான் பேச்சு போகிறது. அதெல்லாம் பேச வேண்டியதுதான். ஆனால் என்னை உறுத்துவது வேறு. இந்த ஒப்பந்தங்கள் வாங்குகிற நாட்டின் கையைக் கட்டுகிற அளவுக்கு விற்கிற நாட்டின் கையைக் கட்டுவதில்லை. வளரும் நாடுகளின் சோறு இதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஓர் ஏழை நாடு கையெழுத்துப் போடுகிறது. பத்துப் பதினைந்து ஆண்டில் தானிய வரியைப் பூஜ்ஜியமாக்குவேன் என்று அட்டவணை கொடுக்கிறது. மீறினால் வழக்கு வரும். சரி. பக்கத்து நாட்டில் தானியம் மலிவு, அங்கிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் உள்ளூர்ச் சாகுபடி சுருங்குகிறது, அரசுக் கிடங்குகள் மூடப்படுகின்றன. அப்புறம் ஒரு கெட்ட ஆண்டு வருகிறது. விற்கிற நாடு ஒரே இரவில் ஏற்றுமதியை நிறுத்துகிறது. அதற்கு யாரும் அதை நீதிமன்றத்துக்கு இழுப்பதில்லை. காரணம், காட் என்ற உலக வர்த்தகப் பொது ஒப்பந்தத்தின் 11ஆம் விதியே, உணவுப் பற்றாக்குறையைத் தவிர்க்கத் தற்காலிகமாக ஏற்றுமதியைத் தடுக்கலாம் என்று இடம் கொடுக்கிறது. வட்டார ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை அந்த விதியை அப்படியே எடுத்து ஒட்டிக்கொண்டவை.

2007-08இல் நடந்ததைப் பாருங்கள். இந்தியாவும் வியட்நாமும் அரிசி ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டன. 2008 தொடக்கத்தில் டன் 400 டாலருக்குள் இருந்த தாய்லாந்து அரிசி, ஏப்ரல் - மே வாக்கில் 1000 டாலரை ஒட்டிப் போனது. உலக அரிசி உற்பத்தியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் எல்லை தாண்டி விற்பனைக்கு வருகிறது. அதில் இரண்டு பேர் கதவைச் சாத்தினால் மற்றவர்களுக்கு எவ்வளவு மிஞ்சும்? 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயிலை மூன்று வாரத்துக்கு மேல் நிறுத்தியது. அதே ஆண்டு மே மாதம் இந்தியா கோதுமையை நிறுத்தியது. 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியை நிறுத்தியது. அந்தச் சமயத்தில் உலக அரிசி ஏற்றுமதியில் சுமார் 40 சதவீதம் இந்தியாவுடையது.

நிறுத்திய நாடுகளைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. தன் மக்களுக்கு முதலில் சோறு என்று எந்த அரசும் நினைக்கத்தான் செய்யும். அப்படித்தான் நடக்கும் என்று தெரிந்திருந்தும் ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு வரி கூட எழுதாமல் வாங்குகிற நாட்டை மட்டும் திறந்துவிடச் சொல்வதுதான் அநியாயம்.

எழுத முடியாத விஷயமும் இல்லை. ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் செய்துகொண்டு 2015இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தில் உணவு வழங்கலுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. முக்கியமான உணவுப் பொருள்களுக்கு ஏற்றுமதித் தடை கொண்டுவராமலிருக்க முயல வேண்டும், கொண்டுவருவதாக இருந்தால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும், கலந்து பேச வேண்டும் என்கிறது. பணமும் பேரம் பேசும் பலமும் இருந்த நாடு கேட்டு வாங்கிக்கொண்டது. பசி யாருக்கு அதிகமோ அவர்களுடைய ஒப்பந்தங்களில் இது ஏன் இல்லை?

---

திசைமானி எழுதியது:

மரக்கால் ஐயா, நீங்கள் சொல்கிற ஓட்டை உண்மைதான். ஆனால் வர்த்தகமே பசிக்குக் காரணம் என்கிற மாதிரி தொனிக்கிறது, அதில் எனக்கு உடன்பாடில்லை.

வறட்சி எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் வருவதில்லை. ஒரு நாட்டில் மழை பொய்த்தால் பக்கத்து நாட்டில் விளைந்திருக்கும். விளைந்த இடத்திலிருந்து விளையாத இடத்துக்குத் தானியம் தடையில்லாமல் போனால் விலை ஏறாது. 2024இல் ஜாம்பியா, மலாவி, ஜிம்பாப்வே மூன்றும் வறட்சியைத் தேசியப் பேரிடராக அறிவித்தன. அப்போது தான்சானியாவிடம் மக்காச்சோளம் மிச்சம் இருந்தது, ஜாம்பியாவுக்கு விற்றது. வட்டார வர்த்தகத்தின் பயன் அதுதான். தன் எல்லைக்குள்ளேயே எல்லாவற்றையும் விளைவித்துக்கொள்வேன் என்று ஒரு சிறிய நாடு இருந்தால், அதன் தலையெழுத்து ஒரே ஒரு பருவமழையின் கையில் இருக்கும்.

அப்புறம், ஏற்றுமதித் தடை வர்த்தக ஒப்பந்தத்தால் வருவதில்லை. ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் தடை வரும். வட்டார ஒப்பந்தம் இருந்தால் குறைந்தபட்சம் போய்க் கேட்க ஓர் இடமாவது இருக்கிறது. 2023 தடைக்குப் பிறகும், அரசுகள் நேரடியாகக் கேட்டால் தருவோம் என்று இந்தியா ஒரு வழி வைத்திருந்தது. பல நாடுகளுக்கு அப்படி அரிசி போனது.

---

உழவாரம் எழுதியது:

கேட்டால் கிடைக்கும் என்பது உரிமை ஆகாது, தோழர். கேட்டுப் பெறுவதற்கு ஒப்பந்தம் எதற்கு?

நான் மெக்சிகோவைப் பற்றி எழுதுகிறேன். இந்த விஷயத்தில் முப்பது வருட அனுபவம் உள்ள நாடு அது. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றுக்கும் இடையிலான தடையில்லா வர்த்தக ஒப்பந்தமான நாஃப்டா 1994 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே நாளில்தான் தெற்கே சியாபாஸ் மாநிலத்தில் சபதிஸ்தாக்கள் என்ற பூர்வகுடிக் கிளர்ச்சியாளர்கள் ஆயுதம் ஏந்தினார்கள். நாள் தற்செயலாக அமைந்ததல்ல. அந்த ஒப்பந்தம் தங்களுக்கு மரண சாசனம் என்று பூர்வகுடி விவசாயிகள் சொன்னார்கள்.

மக்காச்சோளத்துக்கு ஒப்பந்தத்தில் பதினைந்து வருட அவகாசம் இருந்தது. முதல் ஆண்டு 25 லட்சம் டன் வரியில்லாமல் வரலாம், அதற்கு மேல் வந்தால் 200 சதவீதத்துக்கும் அதிகமான வரி. அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து 2008இல் பூஜ்ஜியமாகும். காகிதத்தில் நல்ல பாதுகாப்புதான். ஆனால் மெக்சிகோ அரசே அந்த வரியைப் பல ஆண்டுகள் வசூலிக்கவில்லை. நகரத்தில் விலைவாசியை அடக்க வேண்டும், கால்நடைத் தீவனத் தொழிலுக்கு மலிவு தானியம் வேண்டும் என்று அளவுக்கு மேலேயும் வரியில்லாமல் விட்டது. பதினைந்து வருட அவகாசம் விவசாயிக்குச் சில வருடம்கூடக் கிடைக்கவில்லை.

இதைவிட முக்கியமான ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. வட்டார ஒப்பந்தம் வரியைக் குறைக்கும், மானியத்தைத் தொடாது. தொடவும் முடியாது. வரியை இந்த நாட்டுக்கு மட்டும் குறைக்கிறேன் என்று சொல்லலாம். ஆனால் அமெரிக்கா தன் சோள விவசாயிக்குக் கொடுக்கிற மானியத்தை 'மெக்சிகோவுக்குப் போகிற மூட்டைக்கு மட்டும் தரமாட்டேன்' என்று பிரிக்க வழியில்லை. கொடுத்தால் எல்லா மூட்டைக்கும் கொடுத்ததாகத்தான் கணக்கு. அதனால் மானியப் பேச்சை உலக வர்த்தக அமைப்பில் வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிடுகிறார்கள். அங்கே 2001இல் தொடங்கிய தோஹா சுற்றுப் பேச்சுவார்த்தை முடியாமலே கிடக்கிறது. ஏழை நாட்டின் ஒரே கேடயம் வரி, அதை வட்டாரத்தில் பிடுங்கியாயிற்று. பணக்கார நாட்டின் ஆயுதம் மானியம், அது பத்திரமாக உலக மன்றத்தில் தூங்குகிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேசவே முடியாதபடி அமைந்த ஏற்பாடு இது.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

உழவாரம் சொன்ன மானிய விஷயம் நூற்றுக்கு நூறு சரி. மெக்சிகோ பற்றி மட்டும் கொஞ்சம் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் படம் பாதிதான்.

அங்கே மக்காச்சோளம் இரண்டு வகை. மனிதர் உண்பது வெள்ளை. மாட்டுக்கும் கோழிக்கும் ஸ்டார்ச்சு ஆலைக்கும் போவது மஞ்சள். இறக்குமதியில் மிகப் பெரும் பகுதி மஞ்சள். வெள்ளையில் மெக்சிகோ ஏறக்குறைய தன்னிறைவோடுதான் இருந்து வந்திருக்கிறது. வடக்கே பாசன வசதியுள்ள பெரிய பண்ணைகளில் விளைச்சல் கூடியது. தெற்கே மானாவாரியில் ஓரிரு ஹெக்டேர் வைத்திருந்தவர்கள்தான் நொடித்துப் போனார்கள். ஆகவே 'நாடு சோளத்தை இழந்தது' என்று மொத்தமாகச் சொல்வதைவிட, நாட்டுக்குள்ளேயே யார் விளைவிப்பது என்பது மாறிப்போனது என்பதுதான் சரி.

இன்னொன்று. விலைக்குத் தாங்கு கொடுத்துக் கொள்முதல் செய்து வந்த கோனாசுப்போ என்ற அரசு நிறுவனத்தை மெக்சிகோ 1999இல் மூடியது. அதை மூடு என்று நாஃப்டாவில் எந்த ஷரத்தும் இல்லை. ஒப்பந்தம் வந்த காற்றோடு உள்ளூர் அரசு தானாகச் செய்தது. எது ஒப்பந்தத்தின் வேலை, எது அதைச் சாக்காக வைத்து உள்ளூரில் செய்தது என்று பிரித்துப் பார்க்கப் பழகினால்தான் யாரைக் கேள்வி கேட்பது என்று தெரியும்.

ஒரு தகவல்: 2017இல் கென்யாவில் கடும் வறட்சி. அந்த மே மாதம் மொம்பாசா துறைமுகத்தில் வெள்ளை மக்காச்சோளம் ஏற்றிய கப்பல் வந்து நின்றது. எங்கிருந்து? மெக்சிகோவிலிருந்து! பக்கத்து நாடுகளோடு சுங்க ஒன்றியம் வைத்திருந்த கென்யாவுக்கு அந்தச் சமயம் பக்கத்திலிருந்து போதுமான அளவு வரவில்லை. மக்காச்சோளத்துக்கு ஒன்றியத்தின் பொது வரி 50 சதவீதம். அதைத் தற்காலிகமாக நீக்கித்தான் இறக்கினார்கள். சுங்க ஒன்றியம் என்றால் வெளியாருக்கு எல்லோரும் ஒரே வரி. அந்த வரி உயரமாக இருந்தால் பஞ்ச காலத்தில் ஏழைதான் அதைச் சுமப்பான். அதே ஒன்றியத்தில் அரிசிக்குப் பொது வரி 75 சதவீதம். அரிசியை அதிகம் வாங்குகிற கென்யா தனி அனுமதி பெற்று 35 சதவீதத்தில் நிற்கிறது. திறப்பதால் மட்டுமில்லை, மூடுவதாலும் உணவு எட்டாமல் போகும்.

---

புதுக்கிணறு எழுதியது:

அண்ணன்மார்களே, அக்காமார்களே, இந்தத் துறைக்கு நான் புதிது. ஒரு சந்தேகம். இவ்வளவு பாதகம் இருக்கிறது என்று தெரிந்தும் வளரும் நாடுகள் ஏன் கையெழுத்துப் போடுகின்றன? யாரும் கழுத்தில் கத்தி வைத்தா வாங்குகிறார்கள்?

---

மரக்கால் எழுதியது:

கத்தி வைப்பதில்லை தம்பி, ஆனால் கடிகாரம் வைக்கிறார்கள். கென்யாவையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் ஆப்பிரிக்க நாடுகளுக்கு முன்பு ஒருதலையாகவே வரிச்சலுகை கொடுத்து வந்தது. உலக வர்த்தக அமைப்பின் விதிக்கு அது ஒத்துவரவில்லை என்று பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தம் என்று புதிதாகக் கொண்டுவந்தார்கள். இருபுறமும் திறக்க வேண்டும் என்பது நிபந்தனை. கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் பேசிக்கொண்டே இருந்தன. 2014 அக்டோபர் 1 கெடு முடிந்தது. கென்யாவின் ஏற்றுமதிப் பூக்களுக்கு அன்றிலிருந்தே ஐரோப்பாவில் வரி. பக்கத்திலிருக்கும் தான்சானியா, உகாண்டாவுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. அவை மிகவும் பின்தங்கிய நாடுகள் என்ற பட்டியலில் இருப்பதால், ஆயுதம் தவிர எல்லாவற்றுக்கும் வரியில்லை என்ற 2001ஆம் ஆண்டுச் சலுகை அவற்றுக்கு உண்டு. கென்யா மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. மூன்று மாதம் பூ வியாபாரிகள் கதறினார்கள். கென்யா பேச்சுவார்த்தையை முடித்துக் கொடுத்தது, டிசம்பர் கடைசியில் சலுகை திரும்ப வந்தது.

அந்த மேசையில் பூப் பண்ணைக்காரர்களுக்குக் குரல் இருந்தது. எத்தனை வேலை, எத்தனை டாலர் என்று அவர்களால் எண்ணிக் காட்ட முடிந்தது. சோளமும் பாலும் விற்கிற சின்ன விவசாயிக்கு வரப்போகிற நட்டம் பத்து வருடம் கழித்து வரும், சிதறிக் கிடக்கும், யாரும் எண்ணிக் காட்ட மாட்டார்கள். ஆகவே கையெழுத்து விழுகிறது. மேற்கு ஆப்பிரிக்காவிலும் இதே கதை. கோகோவையும் வாழைப்பழத்தையும் நம்பியிருக்கும் கானாவும் ஐவரி கோஸ்டும் 2016இல் தனித்தனியாக இடைக்கால ஒப்பந்தத்துக்குப் போய்விட்டன. எண்ணெய் விற்கிற நைஜீரியாவுக்கு அவசரம் இல்லை, மறுத்துவிட்டது. ஒரே வட்டாரம், மூன்று விதமான வரி நிலை. வட்டாரத்தை இணைக்க வேண்டிய பேச்சு வட்டாரத்தைப் பிளந்துவிட்டது.

---

எல்லைக்கோடு எழுதியது:

எல்லோரும் வரியைப் பற்றியே பேசுகிறீர்கள். உணவு எல்லையில் நிற்பது பெரும்பாலும் வரியால் அல்ல.

2021 மார்ச் 5. உகாண்டா, தான்சானியா மக்காச்சோளம் வேண்டாம் என்று கென்யா அறிவிக்கிறது. காரணம் அஃப்ளாடாக்சின். சோளம் சரியாகக் காயாமல் மூட்டை கட்டினால் பிடிக்கிற பூஞ்சை கக்கும் நச்சு அது, ஈரலைக் கெடுக்கும். நூறு கோடிக்குப் பத்துப் பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அங்குள்ள அளவு. கென்யாவில் 2004இல் அந்த நச்சால் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள், ஆகவே பயம் பொய்யில்லை. ஆனால் என்ன நடந்தது? எல்லையில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. லாரிக்குள்ளே இருப்பது சோளம். வெயிலிலும் மழையிலும் தார்ப்பாய்க்குக் கீழே நாள்கணக்கில் கிடந்தால் ஈரம் ஏறும், இல்லாத பூஞ்சையும் பிடிக்கும். நச்சுக்குப் பயந்து நிறுத்திய சரக்கில் நச்சை வளர்க்கிற வேலை. சில நாளில் தடையை எடுத்துவிட்டு, பதிவும் பரிசோதனைச் சான்றிதழும் கொண்டுவா என்றார்கள்.

சான்றிதழ் பெரிய வியாபாரிக்குப் பிரச்சினை இல்லை. முப்பது லாரிக்கு ஒரு பரிசோதனைச் செலவு என்றால் மூட்டைக்குக் காசு கணக்கில்தான் விழும். சைக்கிளில் இரண்டு மூட்டை கட்டிக்கொண்டு எல்லை தாண்டுகிற பெண் என்ன செய்வாள்? ஆப்பிரிக்காவில் எல்லை தாண்டிய சில்லறை வியாபாரம் செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான். பல எல்லையோர ஊர்களுக்குச் சோறு போடுவதே அவர்கள். கோமேசா என்ற கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொதுச் சந்தை அமைப்பு இவர்களுக்காக எளிய வர்த்தக முறை ஒன்று வைத்திருக்கிறது. குறிப்பிட்ட மதிப்புக்குக் கீழே, பட்டியலில் உள்ள பொருள் என்றால், ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். அருமையான ஏற்பாடு. ஆனால் அந்தத் தாள் வரிக்கு மட்டும்தான். பூச்சிச் சான்று, சுகாதாரச் சான்று என்று வந்தால் அந்த ஒற்றைத் தாள் காப்பாற்றாது.

ஆகவே என் அனுபவத்தில் சொல்கிறேன், ஏற்றுமதி இறக்குமதிக் காகித வேலையிலேயே காலம் போனவன்: ஒப்பந்தத்தில் வரி அட்டவணை எவ்வளவு அழகாக இருந்தாலும் பரிசோதனைக்கூடம் எல்லையில் இல்லாவிட்டால் அந்த அட்டவணைக்கு மதிப்பில்லை. ஒரு நாட்டுச் சான்றிதழை இன்னொரு நாடு ஏற்க வேண்டும். ஈரப்பதம் பார்க்கிற கருவியும் உலர்த்துகிற களமும் எல்லைக்கு முன்னாலேயே விவசாயி கைக்கு எட்ட வேண்டும். இதற்கெல்லாம் பணம் ஒதுக்கு என்று வற்புறுத்துகிற ஒப்பந்தங்கள் மிகக் குறைவு.

அரசியல் வேறு. 2025 மார்ச்சில் மலாவி தன் விவசாயிகளைக் காக்க அரிசி, இஞ்சி, வாழைப்பழம் போன்றவற்றின் இறக்குமதியை நிறுத்தியது. பதிலுக்கு ஏப்ரலில் தான்சானியா மலாவி விளைபொருளை நிறுத்தியது. இரண்டும் ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளுக்கான ஒரே வளர்ச்சிச் சமூகத்தில் உறுப்பினர்கள். மலாவிக்குக் கடலே கிடையாது, தான்சானியத் துறைமுகமும் அதற்கு ஒரு முக்கிய வழி. மே மாதம் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். ஆனால் அழுகிய வாழைத்தார் திரும்பி வராது.

---

பாலாடை எழுதியது:

உணவுப் பாதுகாப்பு என்றால் வயிறு நிறைவது மட்டுமில்லை, என்ன நிறைகிறது என்பதும்தான். இங்கே யாரும் அந்தப் பக்கம் வரவில்லை என்பதால் எழுதுகிறேன்.

மேற்கு ஆப்பிரிக்காவில் விற்கும் பால்பவுடர் பையைத் திருப்பி, பொருள்கள் பட்டியலைப் படித்துப் பார்க்க வேண்டும். நிறைய பைகளில் இருப்பது முழுப்பால் பவுடர் அல்ல. ஐரோப்பாவில் பாலிலிருந்து கொழுப்பை எடுத்து வெண்ணெயாக நல்ல விலைக்கு விற்றுவிடுகிறார்கள். மிஞ்சிய கொழுப்பில்லாப் பாலில் பாமாயிலைக் கலந்து தூளாக்கி அனுப்புகிறார்கள். தாவரக் கொழுப்பு சேர்த்த பால்பவுடர் என்று பெயர். முழுப்பால் பவுடரைவிட நன்றாகவே மலிவு. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொது வரியில் மூட்டையாக வரும் பால்பவுடருக்கு 5 சதவீதம்தான். மாடு மேய்த்து நாலைந்து லிட்டர் பால் கறந்து நடந்துவந்து விற்கிறவர்களால் அந்த விலையோடு போட்டி போட முடியவில்லை. பால் பண்ணைகளும் உள்ளூர்ப் பாலை வாங்குவதைவிடத் தூளைக் கரைப்பதே சுலபம் என்று போய்விடுகின்றன. இங்கே ஐரோப்பாவை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. 5 சதவீதம் என்று வைத்தது அந்த வட்டாரமே.

'இறக்குமதி வெள்ளம் போல வந்தால் தற்காப்பு வரி போட்டுக்கொள்ளலாமே, ஒப்பந்தத்தில் ஷரத்து இருக்கிறதே' என்பார்கள். இருக்கிறது. தென்னாப்பிரிக்காவும் அதன் அண்டை நாடுகளும் சேர்ந்த சுங்க ஒன்றியம் அதைப் போட்டும் பார்த்தது. ஐரோப்பிய ஒன்றியத்தோடு 2016இல் ஒப்பந்தம், அதன் பிறகு எலும்போடு கூடிய உறைகோழித் துண்டுகள் மேல் 2018இல் 35.3 சதவீதத் தற்காப்பு வரி. ஐரோப்பிய ஒன்றியம் நடுவர் குழுவுக்குப் போனது. 2022இல் தீர்ப்பு, அந்த வரி ஒப்பந்தத்துக்கு முரண் என்று. தென்னாப்பிரிக்கா என்பது நல்ல வக்கீல்களும் புள்ளிவிவரத் துறையும் உள்ள நாடு. அதற்கே இந்த நிலை என்றால், சுங்கப் பதிவேட்டையே ஒழுங்காக வைக்க ஆளில்லாத நாடு எப்படி நிரூபிக்கும்?

---

திசைமானி எழுதியது:

பாலாடை அக்கா, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்தக் கோழித்துண்டையும் பால்பவுடரையும் வாங்குகிறவர் யார் என்றும் பார்க்க வேண்டும். நகரத்துக் குடிசைப் பகுதியில் ஒரு தாய்க்குப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேறு புரதம் எட்டாது.

ஒன்றை நான் திரும்பத் திரும்பச் சொல்லுவேன்: சின்ன விவசாயிகளில் பெரும்பகுதி உணவு விற்பவர்கள் மட்டுமல்ல, வாங்குபவர்களும். அறுவடை முடிந்ததும் கடனுக்குப் பயந்து விற்கிறார்கள், நாலைந்து மாதம் கழித்து அதே தானியத்தை அதிக விலைக்கு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். விலையை உயர்த்தி வைத்தால் விவசாயிக்கு நல்லது என்பது, ஆண்டு முழுக்க விற்க வைத்திருப்பவருக்குத்தான் பொருந்தும்.

பிலிப்பைன்ஸ் பாருங்கள். தென்கிழக்கு ஆசிய நாடுகளின் ஆசியான் அமைப்புக்குள் அரிசியை மட்டும் தனியாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தது. 2018இல் அரிசி விலை தாறுமாறாக ஏறி மக்கள் தவித்தார்கள். 2019இல் சட்டம் கொண்டுவந்து அளவுக் கட்டுப்பாட்டை எடுத்து, ஆசியான் நாடுகளுக்கு 35 சதவீத வரி என்று வைத்தார்கள். அரிசி விலை தணிந்தது.

---

உழவாரம் எழுதியது:

நெல் விலையும் சரிந்ததே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? அந்த வருட அறுவடைக்குக் களத்தில் நெல்லுக்குக் கிடைத்த விலை பல இடங்களில் உற்பத்திச் செலவுக்குக் கீழே போனது. ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன். வசூலாகும் வரியிலிருந்து ஆண்டுக்கு 1000 கோடி பெசோ நெல் விவசாயிகளின் இயந்திரத்துக்கும் விதைக்கும் என்று அதே சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். திறக்கும்போதே ஈடும் சட்டமாக வந்தது. மற்ற நாடுகளில் 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்பார்கள், பார்க்க மாட்டார்கள். ஆனால் 2024இல் அந்த வரியை 15 சதவீதமாக்கியபோது பாரம் மறுபடி விவசாயி தலையில்தான் இறங்கியது.

விதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்கா மத்திய அமெரிக்க நாடுகளோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில், 1991ஆம் ஆண்டு யூபோவ் உடன்படிக்கையில் சேர வேண்டும் என்று இருக்கிறது. பயிர் ரகங்களுக்கு நிறுவனங்கள் உரிமை கொண்டாடுவதை இறுக்குகிற உடன்படிக்கை அது. விதையைச் சேமித்து மறுபடி விதைப்பதும் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதும் கேள்விக்குள்ளாகும். குவாத்தமாலா 2014 ஜூனில் அதற்கான சட்டத்தை நிறைவேற்றியது. ஊர் ஊராக மக்கள் கிளம்பினார்கள், பூர்வகுடிகள் சாலையை மறித்தார்கள். செப்டம்பரிலேயே அந்தச் சட்டத்தை ரத்து செய்ய வேண்டி வந்தது. சோளம் பிறந்த மண்ணில் சோள விதைக்கு அனுமதி கேட்க வேண்டுமா என்று கேட்டார்கள். உணவுக்கு முதல் விதை, அது ஒப்பந்தத்தில் எங்கோ அறிவுசார் சொத்துரிமை என்ற அத்தியாயத்தில் ஒளிந்திருக்கிறது. வேளாண்மை அத்தியாயத்தை மட்டும் படிக்கிறவர் கண்ணில் படாது.

---

புதுக்கிணறு எழுதியது:

மரக்கால் அண்ணா, ஒப்பந்தத்தில் எழுதுவதை விடுங்கள். வட்டார நாடுகள் சேர்ந்து ஒரு பொதுக் கையிருப்பு வைத்துக்கொண்டால் போதாதா?

---

மரக்கால் எழுதியது:

வைத்திருக்கிறார்கள் தம்பி. அப்போதைய ஆசியான் பத்து நாடுகளும் சீனா, ஜப்பான், தென்கொரியாவும் சேர்ந்து அவசரகால அரிசிக் கையிருப்பு ஒன்றை 2011இல் ஒப்புக்கொண்டு 2012இல் தொடங்கின. மொத்தம் 7,87,000 டன் என்று பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். சீனா 3 லட்சம், ஜப்பான் 2.5 லட்சம், கொரியா 1.5 லட்சம், ஆசியான் நாடுகள் எல்லாம் சேர்ந்து 87,000. கேட்கப் பெரிய எண். ஆனால் சீனா மட்டுமே ஆண்டுக்கு 14 கோடி டன்னுக்கு மேல் அரிசி உண்கிறது. அந்தக் கையிருப்பு முழுவதும் சீனாவுக்கு இரண்டு நாள் சாப்பாடு. அதில் பெரும்பகுதியும் தனிக் கிடங்கில் இல்லை, அந்தந்த நாட்டுக் கையிருப்பிலேயே 'இது பொதுவுக்கு' என்று குறித்து வைத்த கணக்குதான். புயல், வெள்ளம் வந்தால் உடனே அனுப்ப மிகவும் பயன்படுகிறது, பயன்பட்டும் இருக்கிறது. விலை தலைகீழாகும்போது சந்தையைத் தாங்கிப் பிடிக்க அது போதாது.

தெற்காசியாவிலும் சார்க் உணவு வங்கி என்று 2007இல் ஒப்பந்தம் போட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் சிதர் புயல் வங்கதேசத்தைச் சாய்த்தது. இந்தியா 5 லட்சம் டன் அரிசி விற்பதாக வாக்குக் கொடுத்தது. ஆனால் விலை பேசி, அனுமதி கொடுத்து, சரக்கு நகர மாதக்கணக்கில் ஆனது. அதற்குள் உலகச் சந்தையே எரிய ஆரம்பித்துவிட்டது. ஒரே வட்டாரம், தடையில்லா வர்த்தக ஒப்பந்தம் உண்டு, உணவு வங்கியும் உண்டு, நல்லெண்ணமும் இருந்தது. நேரத்துக்கு வரவில்லை.

வட்டார அமைப்பே கதவைச் சாத்துகிற கொடுமையும் உண்டு. 2023 ஜூலையில் நைஜரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதாரச் சமூகம் எல்லைகளை மூடியது. கடலில்லாத நாடு அது. அரிசியும் மருந்தும் நின்றன. ஆட்சியைப் பிடித்தவர்கள் பட்டினி கிடக்கவில்லை. 2024 பிப்ரவரி வரை இது நீடித்தது. எத்தனை கோபம் இருந்தாலும் உணவும் மருந்தும் தடையிலிருந்து விலக்கு என்று அடிப்படை ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருக்க வேண்டும்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஆப்பிரிக்கக் கண்டத் தடையில்லா வர்த்தகப் பகுதி விஷயத்தில் இன்னும் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கிறது. 2018 மார்ச்சில் கிகாலியில் கையெழுத்தாகி, 2021 ஜனவரியில் வர்த்தகம் தொடங்கியதாக அறிவித்தார்கள். வரிப் பட்டியலில் 90 சதவீதப் பொருள்களுக்கு வரி நீங்கும். 7 சதவீதம் எளிதில் பாதிப்புக்கு உள்ளாகும் பொருள்கள், அவகாசம் அதிகம். 3 சதவீதத்தை முழுவதும் விலக்கலாம். அந்த 3 சதவீதத்தில் எதை வைப்பது என்பதுதான் பல நாட்டுத் தலைநகரங்களில் உண்மையான சண்டை. சர்க்கரை ஆலை, சிமென்ட் ஆலை, துணி ஆலை எல்லாம் வரிசையில் நிற்கும். பால், கோழி, சோளம் மாவு ஆகியவற்றுக்காகப் பேச வருபவர் குறைவு. விவசாயச் சங்கங்கள் நுழைய வேண்டிய இடம் அந்த அறை.

மரக்கால் முதலில் கேட்ட கேள்விக்கும் ஒரு முன்மாதிரி இருக்கிறது. சிபிடிபிபி என்ற பசிபிக் ஒப்பந்தம் 2018 கடைசியில் நடைமுறைக்கு வந்தது. வியட்நாம், மலேசியா, பெரு, மெக்சிகோ எல்லாம் அதில் உண்டு. உணவு ஏற்றுமதித் தடைக்கென்று தனி விதி. எதிர்பாராத பேரிடரால் வந்த பற்றாக்குறை தவிர மற்றபடி 30 நாள் முன்பே அறிவிக்க வேண்டும், வழக்கமாக ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்கிறது.

---

எல்லைக்கோடு எழுதியது:

இருப்பதில் அது நல்ல விதிதான், ஆனால் காகித வேலை செய்கிறவன் கண்ணில் அந்த எண்கள் வேறு மாதிரி தெரிகின்றன. அறுவடைக்கு முந்தைய, கையில் தானியம் தீர்ந்துபோன மாதங்கள் பெரும்பாலான இடங்களில் மூன்று, நான்கு. ஆறு மாதத் தடை அதை முழுசாக விழுங்கிவிடும். தடை முடியும்போது வாங்குகிற நாட்டில் புது அறுவடையே வந்திருக்கும்.

அடுத்தது அந்த 30 நாள். அரசு டெண்டர் விட வேண்டும், விலை திறக்க வேண்டும், விற்பவருக்குப் பணம் கிடைக்கும் என்று வங்கி கடனுறுதிக் கடிதம் கொடுக்க வேண்டும், கப்பல் பிடிக்க வேண்டும், சரக்கு ஏற்ற வேண்டும், கடல் கடந்து துறைமுகத்தில் இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டும். ஒழுங்காக நடந்தாலே இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். 90 நாள் அறிவிப்பு கேளுங்கள். அது கிடைக்காவிட்டால், அறிவிப்பு நாளுக்கு முன் கையெழுத்தான ஒப்பந்தச் சரக்கையாவது தடையில்லாமல் விட வேண்டும் என்று கேளுங்கள். 2022 கோதுமைத் தடையில் கடனுறுதிக் கடிதம் ஏற்கனவே திறந்திருந்த சரக்குகளுக்கு அப்படி விலக்குக் கொடுத்தார்கள், ஆகவே செய்யக்கூடியதுதான். அந்த விலக்கு அரசின் விருப்பமாக இல்லாமல் ஒப்பந்தத்தின் ஷரத்தாக இருந்தால், வாங்குகிற நாட்டின் கொள்முதல் அதிகாரி ஆறு மாதத் தேவைக்கு முன்கூட்டியே துணிந்து ஒப்பந்தம் போடுவார்.